படகு வாங்கிய எழுத்தாளர்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார் என்று முன்னோர் சொல்லிவைத்தனர். பணம் கொடுப்பவன் ஒருவன், வேலை செய்பவர் பலர் என்னும் நிலையில் மனிதனுக்கு நேரும் அலைக்கழிவு முழுவதையும் அந்த இரண்டு சிறு தொடர்களுள் அவர்கள் அடக்கிவிட்டனர். தூரப் பயணத்துக்கென ஒரு சிறு பாய்ப்படகைச் சொந்தமாக வாங்க முற்பட்டவர் எவரேனும் அவர்களிடையே இருந்திருப்பாராயின், அந்தப் பழமொழியில் மூன்றாவது தொடர் ஒன்றும் சேர்ந்திருக்கும். வீட்டுக் கூரை ஒழுகினால் கீழே ஒரு பாத்திரத்தை வைக்கலாம். கல்யாணப் பந்தியில் கறி உப்புக் கரித்தால் வந்தவர்கள் நாலுநாள் பேசிவிட்டு மறந்துவிடுவர். படகின் அடிப்பலகை ஒழுகினாலோ, விற்றவர் கரையில் இருக்கிறார். வாங்கியவர் நடுக்கடலில் இருக்கிறார்.

இந்த உண்மையை முழுவதும் அனுபவித்து, அனுபவித்ததை ஒளிக்காமல் எழுதியும் வைத்தவர் அமெரிக்க எழுத்தாளர் ஜக் லண்டன். 1876 ஆம் ஆண்டு சன்பிரான்சிஸ்கோ நகரிற் பிறந்த இவர் கடலறியாத மனிதர் அல்லர். சிறுபராயத்திலேயே அந்த நகரத்து விரிகுடாவிற் சிறு படகோட்டித் திரிந்தவர். பதினேழு வயதிற் கடல்நாய் வேட்டைக் கப்பலொன்றில் யப்பான் கரை வரை சென்று மீண்டவர். 1903 ஆம் ஆண்டில் வெளிவந்த நாய்க் கதையொன்று இவர் புகழை நாடெங்கும் பரப்பியது. முப்பது வயதை எட்டும்போது கையிற் பணமும் எழுத்துக்குக் கிராக்கியும் இருந்தன. கப்டன் ஜோசுவா ஸ்லோக்கம் என்னும் மாலுமி தன்னந்தனியாகப் பாய்ப்படகில் உலகைச் சுற்றிவந்த வரலாற்றை அவர் படித்திருந்தார். அது பற்றிய பேச்சிலிருந்து, தாமும் மனைவியுமாக ஏழாண்டுக் காலம் உலகைச் சுற்றிவருவது என்ற எண்ணம் பிறந்தது.

அதற்கொரு படகு வேண்டும். நீர்மட்டத்தில் 45 அடி நீளமும் 15 அடி அகலமும் உடையதாய், இரண்டு பாய்மரங்களுடன் அது கட்டப்படவேண்டும் என்று திட்டமிட்டார். காற்றில்லாத வேளைக்கென 70 குதிரைவலுவுள்ள எஞ்சின் ஒன்றும், உள்ளே நீர் புகுந்தாலும் ஓர் அறையிலிருந்து மற்ற அறைக்குப் பரவாதபடி தடுப்புச் சுவர்களும், அழகிய குளியலறை ஒன்றும் அதில் அமையவேண்டும். வேறு பெயர் எதுவும் தோன்றாமையால் அதற்கு ஸ்நார்க் என்று பெயரிட்டார். 7,000 டொலர் செலவாகும் என்பது அவர் போட்ட கணக்கு. 1906 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி புறப்படுவது என்று நாளும் குறித்தார்.

இங்கேதான் முதலாவது தவறு நேர்ந்தது எனலாம். ஆனால் அது தவறென்று அப்போது எவருக்கும் தோன்றியிராது. எது வாங்கினாலும் முதற்றரமானதாக இருக்கட்டும், விலையைப் பற்றி யோசிக்கவேண்டாம் என்று லண்டன் கட்டளையிட்டுவிட்டார். அலங்காரத்திற் சிக்கனம் செய்யலாம், கடலில் உயிரைக் காக்கும் பொருளிற் சிக்கனம் கூடாது என்பது அவர் கருத்து. கேட்பதற்கு நல்ல கொள்கையே. அடிப்பலகைகளில் மூட்டே இருக்கக்கூடாது என்று வடக்கே பியூஜற் சவுண்ட் என்னும் இடத்திலிருந்து நீண்ட மரங்களை வரவழைத்தார். எஞ்சின் நியூயோர்க்கிலிருந்து கண்டத்தைக் கடந்து புகையிரதத்தில் வந்தது. ஆயினும் விலை கேளாத வாடிக்கைக்காரன் வந்திருக்கிறான் என்ற செய்தி கடைத்தெருவிற் பரவினால் என்ன நடக்கும் என்பதை, சந்தைக்குச் சென்று மீன் வாங்கிப் பழகிய எவரும் சொல்லிவிடுவர்.

இரண்டாவது இடர் மனிதர் செயல் அன்று. 1906 ஆம் ஆண்டு ஏப்பிரில் 18 ஆந் திகதி அதிகாலையிற் சன்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தால் அழிந்தது; எஞ்சியதைத் தொடர்ந்து மூண்ட தீ விழுங்கியது. படகின் வேலை தொடங்கும் வேளை அது. நகரத்தையே மீளக் கட்டவேண்டியிருந்தபோது தச்சரும் கொல்லரும் எங்கே கிடைப்பர்? மரத்தின் விலை ஏறியது, கூலி ஏறியது, ஆணி வாங்கவும் காத்திருக்க வேண்டியதாயிற்று. இதில் எவரையும் நோவதற்கில்லை.

நோவதற்கு இடமாக இருந்தது அதன் பின் வந்த காலம். இந்தப் படகுக்காக 47 வகைத் தொழிலாளருடனும் 115 வியாபார நிலையங்களுடனும் தாம் தொடர்புகொண்டதாக லண்டன் பின்னர் கணக்கெழுதினார். அத்தனை பேரில் ஒருவரேனும் சொன்ன நாளிற் சொன்ன பொருளைத் தரவில்லை என்பதும், சம்பள நாளிலும் பணம் கேட்டு வரும் நாளிலும் மட்டும் எல்லோரும் நேரந் தவறாது வந்தனர் என்பதும் அவருடைய முறைப்பாடு. எழுத்தாளரின் மிகைப்படுத்தல் இதிற் சிறிது கலந்திருக்கலாம். ஆனால் திகதிகள் பொய்யல்ல. ஒக்டோபர் போயிற்று, நவம்பர் போயிற்று, புதுவருடமும் பிறந்தது. நண்பர்கள் புறப்படும் நாளைக் குறித்துப் பந்தயம் பிடித்தனர். பத்திரிகைகள் கேலிப்பாட்டு எழுதின. மனம் சோரும்போதெல்லாம் படகின் முன்னணியத்தை நினைத்து லண்டன் ஆறுதல் கொள்வாராம். நினைவூட்டுபவர் அவர் மனைவி சார்மியன். அந்த முன்னணியம் அத்தனை அழகாக அமைந்திருந்தது; எந்த அலையையும் அது கிழித்துச் செல்லும் என்று இருவரும் நம்பினர்.

இவ்வளவு நடக்கும்போது, வாங்குபவர் சார்பில் வேலைத்தலத்தில் நின்று கவனித்தவர் யார்? சார்மியனின் உறவினரான றொஸ்கோ ஈம்ஸ் என்னும் முதியவர். அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து மேற்பார்வையை ஒப்படைத்துவிட்டு, அந்தச் சம்பளத்துக்கும் மற்றச் செலவுகளுக்குமாக லண்டன் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார். உறவினரிடம் ஒப்படைத்த வேலையிற் குறை காண்பது எளிதன்று. கண்டாலும் சொல்வது அதனினும் கடினம். கடலிற் படகுக்கு வழி கணிக்கும் பொறுப்பும் அதே முதியவரிடமே விடப்பட்டிருந்தது. நடுக்கடலுக்குச் சென்ற பின்னரே அவருக்கு அந்த வித்தை சரிவர வராது என்பது வெளிப்பட்டது; லண்டனே நூல்களைப் புரட்டிச் சில நாட்களில் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. வெளியார் 115 பேரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர் வீட்டார் ஒருவரைப் பற்றி அடக்கமாகவே எழுதியிருக்கிறார். இது மனித இயல்பு.

பொறுமை இழந்த லண்டன், முற்றுப்பெறாத படகிலேயே ஹவாய்த் தீவுகளுக்குச் சென்று, மீதி வேலையை ஹொனலுலுவில் முடித்துக்கொள்வதென்று தீர்மானித்தார். உடனே படகில் ஒழுக்கு ஏற்பட்டது. அதைப் பார்க்கமுன், இரண்டு பெரிய சரக்குத் தெப்பங்கள் இருபுறமும் மோதி நசுக்கியதில் அதன் உருவமே சற்று மாறியது. ஒழுக்கை அடைக்கவென்று சாய்தளத்தில் ஏற்றியபோது அந்தத் தளம் விலகிப் பிளந்தது. படகு பின்புறமாகச் சேற்றில் விழுந்து புதைந்தது. ஒரு வாரம் வரை, நாளுக்கு இருமுறை கடல் வற்றும், இருமுறை பெருகும், பெருகும் போதெல்லாம் இரண்டு நீராவிப் படகுகள் வந்து இழுத்துப் பார்த்தன. அதற்கு உதவியாக ஸ்நார்க்கின் சொந்த எஞ்சினை முடுக்கி, நங்கூரம் தூக்கும் சுழற்பொறியையும் இயக்கினர். சுழற்பொறியின் பற்சக்கரங்கள் நொறுங்கின. எஞ்சினைத் தாங்கிய இரும்புப் பீடம் வெடித்தது. நியூயோர்க்கிலிருந்து வந்த 70 குதிரைவலுவும் அதன்பின் அடித்தட்டில் வெறும் பாரமாகக் கட்டிவைக்கப்பட்டது.

இத்தனைக்கும் பின் ஒரு சனிக்கிழமை புறப்பாடு குறிக்கப்பட்டது. கடன் கேட்டு வருவோர் எவருக்கும் பாக்கி வைக்கக்கூடாதென்று காசோலைப் புத்தகத்தையும் ரொக்கப் பணத்தையும் மேசைமேல் வைத்துக்கொண்டு லண்டன் காத்திருந்தார். அப்போது அரசாங்க மார்ஷலின் ஆள் வந்து படகின் பாய்மரத்தில் ஒரு தாளை ஒட்டினார். 232 டொலர் கடனுக்காக ஒரு வியாபாரி நீதிமன்றக் கட்டளை பெற்றுப் படகைத் தடுத்துவைத்துவிட்டார். நேரில் வந்து கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே பணம் கிடைத்திருக்கும். பல்லாயிரம் டொலருக்கு வியாபாரம் தந்த வாடிக்கைக்காரர், இருநூறு டொலருக்கு ஓடிவிடுவார் என்று அந்த மனிதர் அஞ்சினார். சனிக்கிழமை மாலையில் நீதிபதியைத் தேடுவதெங்கே, சட்டத்தரணியைத் தேடுவதெங்கே? எட்டு மாதம் வியாபாரிகளுக்காகக் காத்திருந்தவர் மேலும் சில நாள் நீதிமன்றத்துக்காகக் காத்திருந்தார். ஒருவரை ஒருவர் நம்பாத நிலைக்கு இரு தரப்பும் எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதற்கு அந்தத் தாள் ஒன்றே போதிய சான்று.

1907 ஆம் ஆண்டு ஏப்பிரில் 23 ஆந் திகதி ஆறுபேருடன் ஸ்நார்க் துறைமுகத்தை விட்டு நீங்கியது. வாங்கிய பொருள்களின் குணம் அதன்பின் ஒவ்வொன்றாக வெளிப்பட்டது. முதற்றர மரமென்று வந்த பக்கப் பலகைகள் ஒழுகின; அடிப்பலகைகளும் ஒழுகின. ஆகவே நாள்தோறும் நீர் இறைக்கவேண்டியிருந்தது. நீரைத் தடுக்கவென்று அமைத்த சுவர்கள் நீரைத் தடுக்கவில்லை. எண்ணெய்த் தாங்கிகள் கசிந்தன. குளியலறையின் அழகிய கைப்பிடிகள் முதல் நாளிலேயே செயலற்றுப்போயின. விசேடமாகச் செய்வித்த இரும்புக் கொளுக்கிகள் சிறு இழுவைக்கே முறிந்தன. நிலக்கரியை உக்கிய உருளைக்கிழங்குச் சாக்குகளிற் கட்டிக் கொடுத்திருந்தனர். சாக்குக் கிழிந்து கரி அலையோடு போயிற்று. தோடம்பழமும் அப்பிளும் பழுதாயின. கரட் கிழங்கில் மண்ணெண்ணெய் மணத்தது.

இவையெல்லாம் சிரிக்கத்தக்கன. லண்டனும் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறார். ஆனால் சிரிப்புக்கு அடங்காத ஒன்றும் இருந்தது. புயல் வரும்போது பாயைக் குறைத்து, முன்னணியத்தைக் காற்றுக்கு நேரே திருப்பி நிறுத்திவைத்தால், நல்ல படகு அலைமேல் வாத்துப்போல் மிதந்துகொண்டு இருக்கும். நிற்காமற் பக்கவாட்டில் அலைக்கிடையே கிடக்குமாயின், ஒரு பேரலை அதனைக் கவிழ்த்துவிடும். காற்று மிகுந்த ஓர் இரவில் ஸ்நார்க்கை அவ்வாறு நிறுத்த முயன்றனர். எந்தப் பாயை ஏற்றினாலும் இறக்கினாலும் அது நிற்க மறுத்தது. ஊரெல்லாம் வியந்த முன்னணியம் காற்றை நோக்கித் திரும்பவேயில்லை. காற்று அதற்குமேல் வலுக்காமையால் ஆறுபேரும் உயிர் தப்பினர். கடையில் வாங்கிய பழம் அழுகுவது வேறு; இது வேறு. முழு வேகத்தோடு சென்று நிறுத்தி, திருப்பி, ஒருநாள் குடாவுக்கு வெளியே ஓட்டிப் பார்த்திருந்தால் இந்தக் குறை கரையிலேயே தெரிந்திருக்கும். அப்படிப் பார்க்காமற் பொருளை ஏற்றுக்கொண்டது வாங்கியவரின் குற்றமே.

27 நாட்களின் பின் ஹவாயை அடைந்தனர். அதுவரை ஆன செலவு ஏறக்குறைய 30,000 டொலர். போட்ட கணக்கின் நான்கு மடங்குக்கும் மேல். திருத்த வேலை முடிந்து அங்கிருந்து புறப்பட ஒக்டோபர் மாதமாயிற்று. பின்னர் மார்க்கேசாஸ், தாகித்தி, சமோவா, பீஜி, சொலமன் தீவுகள் வரை ஸ்நார்க் சென்றது உண்மை. அதே படகு பசிபிக் சமுத்திரத்தின் பெரும் பகுதியைக் கடந்தது என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். 1908 ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் நோயுற்று அவுஸ்திரேலியாவிற் சிட்னி நகர் மருத்துவமனையிற் படுத்தார். ஏழாண்டுத் திட்டம் இரண்டாண்டுக்குள் முடிந்தது. படகு கொண்ட விலையில் ஒரு சிறு பங்குக்கு விற்கப்பட்டது.

அந்த 115 பேரும் வஞ்சகரா? அப்படிச் சொல்வதற்கில்லை. சாக்கு விற்றவனுக்குச் சாக்கு மட்டுமே தெரியும். இரும்பு வார்த்தவனுக்கு இரும்பு மட்டுமே தெரியும். தன் பங்கிற் சிறிது குறைந்தாற் குடி மூழ்கிவிடாது என்று ஒவ்வொருவனும் எண்ணியிருப்பான். முழுப் படகுக்கும் பொறுப்பேற்ற ஒருவரும் இல்லை. அதனால் முறைப்பாடு சொல்லவும் ஓர் இடம் இல்லை.

அவருக்கு வழிகாட்டிய ஸ்லோக்கம் படகு பெற்ற விதமோ முற்றிலும் வேறு. 1892 ஆம் ஆண்டிற் பொஸ்ரன் நகரிற் வேலையின்றி இருந்த அவரிடம், பழைய திமிங்கில வேட்டைக் கப்பற் றலைவர் ஒருவர், உமக்கொரு கப்பல் தருகிறேன், சிறிது திருத்தவேண்டும் என்றார். பெயர்கேவன் என்னும் ஊருக்குச் சென்று பார்த்தால், வயல்வெளியில் முட்டுக்கொடுத்துக் கித்தானால் மூடிவைத்த உக்கிய மரக்கூடு ஒன்று கிடந்தது. ஸ்பிறே என்பது அதன் பெயர். விற்பவர் பண்டத்தைப் புகழ்வதில் இதுவும் ஒருவகை. ஆனால் ஸ்லோக்கம் கோபங் கொள்ளவில்லை. அருகில் நின்ற ஓக் மரத்தை வெட்டி ஏரா செய்தார். பலகை பலகையாகப் பழையதை நீக்கிப் புதியதை வைத்தார். 13 மாத உழைப்பு அவருடையது. பொருள்களுக்கு ஆன செலவு 553 டொலர் 62 சதம். வேடிக்கை பார்க்க வந்த ஊரவர்கள், இடுக்குகளிற் பருத்தியைத் திணித்துக் கலப்பற்றுச் செய்தது நிலைக்காது, நழுவி வெளியே வந்துவிடும் என்று சாத்திரம் சொன்னார்கள். அது நழுவவில்லை. 1895 ஏப்பிரில் 24 இற் புறப்பட்டு 1898 ஜூன் 27 இல் மீண்டபோது அவர் 46,000 மைல் கடந்திருந்தார். அந்தப் படகில் முறைப்பாடு செய்வதற்கும் அவரே, கேட்பதற்கும் அவரே.

எல்லோரும் ஓடாவியாக முடியாது. இருந்தும், ஓடாவியின் பக்கத்தில் நிற்க முடியும். 1960களின் முற்பாதியிற் பம்பாயில், பிரித்தானிய வணிகக் கப்பல் அதிகாரியாகிய றொபின் நொக்ஸ் ஜோன்ஸ்ரன் என்னும் இளைஞரும் அவருடன் பணியாற்றிய நண்பர்களும் படகொன்று கட்டுவிக்க எண்ணினர். வரைபடத்துக்காக இங்கிலாந்தில் ஒரு நிலையத்துக்கு எழுதிப் பணம் அனுப்பினர். கட்டு வந்ததும் அவிழ்த்துப் பார்த்தால், அவர்கள் மனத்திற் கொண்ட படகு அன்று அது. அமெரிக்கர் ஒருவர் 1920களில் வரைந்த பழையபாணிப் படகு. திருப்பி அனுப்பி வேறு பெறுவதென்றாற் காலம் போய்விடும். வந்ததையே கட்டுவதென்று துணிந்தனர். இந்தியத் தச்சர்கள் தேக்கு மரத்தை வாய்ச்சியாற் செதுக்கி, கயிறு சுற்றி இழுக்கும் துறப்பணத்தால் துளையிட்டு, 32 அடி நீளப் படகை உருவாக்கினர். தேங்காய் உடைத்துக் கடலில் இறக்கினர். பாரசீக வளைகுடா மாலுமிகள் தென்கீழ்க் காற்றுக்கு இட்ட சுஹைலி என்னும் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

வேண்டாமலே வந்து சேர்ந்த அந்த உருவத்தை விற்றுவிட்டு வேறு பெரிய படகு கட்டுவிக்க அவர் பின்னர் முயன்றதுண்டு. பணம் சேராமையாற் கைவிட்டார். 1968 ஜூன் 14 ஆந் திகதி, இங்கிலாந்தின் பல்மத் துறையிலிருந்து, எங்கும் தங்காமல் தனியே உலகைச் சுற்றும் போட்டிக்குச் சுஹைலியிலேயே புறப்பட்டார். அத்திலாந்திக்கில் தெற்கு நோக்கிச் செல்கையில் அடிப்புறத் தையல் விரிந்து நீர் புகத் தொடங்கியது. தேக்குப் படகும் ஒழுகும். அவர் கடலில் இறங்கிப் படகின் அடியில் மூழ்கி, விரிந்த இடத்திற் பருத்தியைத் திணித்து, மேலே கித்தானும் செப்புத் தகடும் வைத்து ஆணியடித்தார். இடையிற் சுறா ஒன்று சுற்றி வந்தது. மேலேறி அதனைத் துப்பாக்கியாற் சுட்டுவிட்டு, வேறு சுறா வருகிறதா என்று பார்த்து, மறுபடியும் இறங்கினார். 312 நாட்களின் பின், 1969 ஏப்பிரில் 22 ஆந் திகதி அதே துறையிற் கரைசேர்ந்தார். போட்டியில் இறங்கிய ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே.

பிற்காலத்திற் கிறீனிச் நகரிலுள்ள தேசிய கடல்சார் அரும்பொருட்சாலையிற் சுஹைலியை வைத்துப் பேணினர். அங்கே பொருள்கள் பழுதாகாதபடி காற்றின் ஈரத்தை அளவோடு வைத்திருந்தனர். அந்தப் பராமரிப்பிற் பலகைகள் உலர்ந்து சுருங்கத் தொடங்கின. உரியவர் பார்த்தார்; படகை வெளியே எடுத்துச்சென்று, திருத்தி, மறுபடியும் உப்புநீரில் இறக்கிவிட்டார்.